கடுகு, கால்பந்து, ஆப்பம்... பிரபஞ்சத்தை யார் டேப் பிடித்து அளந்தார்கள்?

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘சூரியக் குடும்பம்’ புராஜெக்ட் வந்துவிட்டால் அன்று வீட்டில் எல்லோருக்கும் வேலை. அப்பா தெர்மாகோல் உருண்டை வாங்கக் கடைக்கு ஓடுவார். அம்மா போஸ்டர் கலர் கலக்குவார். சனிக்கு வளையம் செய்யப் பழைய சி.டி. ஒன்று எங்கிருந்தாவது கிடைக்கும். இரவு பதினொரு மணிக்கு எட்டுக் கோள்களும் சார்ட்டில் வரிசையாக ஒட்டப்பட்டு, மறுநாள் பள்ளிக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும்.

அந்தச் சார்ட்டில் பெயர்கள் சரி, நிறங்கள் சரி, வரிசையும் சரி. தூரம் மட்டும் முழுப் பொய். பாடப் புத்தகப் படத்திலும் அதே பொய்தான். பாவம், புத்தகத்தைக் குறை சொல்லி என்ன செய்ய? உண்மையான தூரத்தை அச்சிடும் அளவுக்கு அகலமான காகிதம் உலகத்திலேயே கிடையாது.

சார்ட் வேண்டாம். சமையலறையில் இருப்பதை வைத்தே உண்மையான அளவைக் காட்டிவிடலாம். கூடவே ஒரு கால்பந்து இருந்தால் போதும்.

மெரினாவில் ஒரு கால்பந்து

கால்பந்துதான் சூரியன். அதன் குறுக்களவு 22 சென்டிமீட்டர். சூரியனை அந்த அளவுக்குச் சுருக்கினால் பூமி 2 மில்லிமீட்டர்தான் வரும். அதாவது, நல்ல பெரிய கடுகு ஒன்று. நிலாவுக்கு ஒரு கசகசா.

கடுகை எங்கே வைப்பது? ‘பந்துக்குப் பக்கத்தில்தானே’ என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும். இல்லை. பந்திலிருந்து 24 மீட்டர் நடக்க வேண்டும். பெரியவர்கள் நடையில் முப்பது அடிக்குக் கொஞ்சம் மேல். கசகசாவைக் கடுகிலிருந்து 6 சென்டிமீட்டரில் வைத்தால் போதும். மனிதன் இதுவரை நேரில் போய் வந்த அதிகபட்ச தூரம் அந்த இடைவெளிதான். ஒரு சுண்டு விரல் நீளம்.

மெரினா மணலில் பந்தை வைத்து விட்டு நடந்தால், 9 மீட்டரில் புதன், 17 மீட்டரில் வெள்ளி, 24-ல் நம் கடுகு, 36-ல் செவ்வாய். செவ்வாய்க்கு முழுக் கடுகுகூடத் தேவையில்லை, பாதி போதும். அதற்குப் பிறகு கால் வலிக்க ஆரம்பிக்கும். வியாழன் ஒரு நெல்லிக்காய். அது 123 மீட்டரில். சனி அதைவிடக் கொஞ்சம் சின்ன நெல்லிக்காய், 226 மீட்டரில். யுரேனஸும் நெப்டியூனும் ஆளுக்கொரு கொண்டைக்கடலை. நெப்டியூனை வைக்க பந்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். எட்டுக் கோள்களையும் கூட்டிப் பார்த்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அந்தக் கைப்பிடிச் சாமான் சிதறிக் கிடக்கும் இடமோ, ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். சூரியக் குடும்பம் என்பது பெரும்பாலும் காலி மைதானம்.

1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம்தான் மனிதன் செய்த பொருள்களில் வெகுதூரம் போனது. விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில், நிற்காமல், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு சிக்னல் வந்து சேர 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நம் மெரினா கணக்கில் அது பந்திலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்.

சரி, சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் எங்கே? அதற்குப் பெயர் புராக்சிமா சென்டாரி. நம் கணக்கில் அது ஒரு சின்ன எலுமிச்சம்பழம். அதை வைக்க ஆட்டோ உதவாது. விமானம் பிடித்து ஜப்பானுக்குப் போய், டோக்கியோ பக்கம் வைக்க வேண்டும். 6,300 கிலோமீட்டர்! மெரினாவில் ஒரு கால்பந்து, டோக்கியோவில் ஒரு எலுமிச்சம்பழம். நடுவில் சொல்லிக்கொள்ளும்படி வேறு நட்சத்திரமே இல்லை.

இந்த இடத்தில் கிலோமீட்டர் கைவிட்டுவிடுகிறது. அதனால்தான் ஒளியாண்டு. பெயரில் ஆண்டு இருப்பதால் அது காலம் என்று பரீட்சையில் எழுதி மார்க் இழக்கும் பிள்ளைகள் ஏராளம். அது தூரம்தான். விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம், சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். நிலாவிலிருந்து ஒளி வர ஒன்றேகால் விநாடி. சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 விநாடி. புராக்சிமாவிலிருந்து 4.2 ஆண்டு. இன்றிரவு அங்கிருந்து கிளம்பும் ஒளி இங்கே வரும்போது, இப்போது ஏழாவது படிக்கும் பிள்ளை பிளஸ் ஒன் முடித்திருக்கும்.

ஆப்பமும் அடுத்த வீடும்

நம் சூரியனைப் போல 10,000 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம்தான் பால்வெளி மண்டலம். அகலம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. கடுகுக் கணக்கை இங்கேயும் நீட்டினால் ஒரு வேடிக்கை நடக்கிறது. பூமியைக் கடுகாக்கிய பிறகும், பால்வெளியின் அகலம் 15 கோடி கிலோமீட்டர் வருகிறது. அது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள நிஜமான தூரம்! பூமி கடுகாகிவிட்டது, பால்வெளி மட்டும் அடங்கவில்லை.

ஆகவே கடுகை டப்பாவில் போட்டுவிட்டு, வேறு அளவு எடுக்க வேண்டும். மொத்தப் பால்வெளியையும் ஓரடி அகல ஆப்பமாகச் சுருக்கிவிடலாம். ஆப்பம்தான் சரியான உதாரணம், தோசை அல்ல. பால்வெளியும் நடுவில் உப்பலாக, ஓரம் போகப் போக மெல்லிசாக இருக்கிறது. நம் சூரியன் இருப்பது நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில். மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில். கண்ணுக்கு நாம் தெரிய மாட்டோம். வெறும் கண்ணால் பார்க்கிற நட்சத்திரங்களில் அநேகமாக எல்லாமே, நம்மைச் சுற்றி விரல் நுனி அகலத்துக்குள்தான் இருக்கின்றன. மற்றதெல்லாம் ஒரு வெளிர் புகைபோல, கிராமத்து இருட்டில் வானத்தின் குறுக்கே தெரியும்.

அடுத்த பெரிய ஆப்பம், ஆண்ட்ரோமெடா. நிஜத்தில் 25 லட்சம் ஒளியாண்டு. ஆப்பக் கணக்கில் ஏழரை மீட்டர்தான். ஒரு வீட்டு அடுப்பிலிருந்து பக்கத்து வீட்டு அடுப்பு வரை. நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் நட்சத்திர மண்டலங்கள் நெருக்கமாகவே குடியிருக்கின்றன. பால்வெளி, ஆண்ட்ரோமெடா, இவற்றைச் சுற்றிய குட்டி மண்டலங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தெரு. இதற்கு உள்ளூர்க் குழு என்று பெயர். 160 மீட்டர் தள்ளி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் நெருக்கியடிக்கும் கன்னிக் கொத்து. இவை எல்லாவற்றையும் உள்ளடக்கிய பெரும்பரப்புக்கு 2014-ல் லனியாகியா என்று பெயர் வைத்தார்கள். ஹவாய் மொழியில் ‘அளவிட முடியாத வானம்’ என்று பொருள். ஆப்பக் கணக்கில் அது ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். ஒரு பெரிய கிராமம்.

இன்னும் மேலே போய்ப் பார்த்தால் கிராமங்கள்கூடத் தாறுமாறாக இல்லை. சோப்பு நுரையை நினைத்துக்கொள்ளலாம். நுரையின் சுவர்களில் மட்டும் மண்டலங்கள் கோத்துக் கிடக்க, குமிழியின் உள்ளே கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அநேகமாக ஒன்றுமில்லை.

இப்படியே போனால், பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தின் எல்லை எங்கே வரும்? ஆப்பம் சென்னையில் இருந்தால், எல்லை 138 கிலோமீட்டரில் வரும். நேர்க்கோட்டில் ஏறக்குறைய புதுச்சேரி. நிஜத்தில் அது 4,600 கோடி ஒளியாண்டு.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுதான். ஒளி அதற்கு மேல் எப்படிப் பயணித்திருக்கும்? பரோட்டா மாவை மாஸ்டர் இழுத்து விரித்துக்கொண்டிருக்கும்போது அதன்மேல் ஒரு எறும்பு நடந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எறும்பு நடந்தது கொஞ்ச தூரம்தான். ஆனால், அது கிளம்பிய இடம் இதற்குள் எங்கேயோ போய்விட்டது. அந்த ‘எங்கேயோ’தான் 4,600 கோடி. அதற்கு அப்பாலும் பிரபஞ்சம் இருக்கலாம். அங்கிருந்து ஒளி இன்னும் வந்து சேரவில்லை.

பிள்ளைகள் இதையெல்லாம் கண் விரியக் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் ஒன்று கேட்பார்கள்:

“ஏம்மா, அங்கே யாருமே போனதில்லை இல்ல? அப்புறம் யாரும்மா டேப் பிடிச்சு அளந்தாங்க?”

பிரபஞ்சத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய மிகச் சரியான கேள்வி அது. அம்மாவுக்குப் பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனிதகுலத்துக்கே அந்தப் பதில் தெரிய ரொம்ப காலம் பிடித்தது. அந்தக் கதையின் முக்கியமான, சோகமான ஓர் அத்தியாயம் நடந்தது, இப்போதுதான் பெயர் சொன்ன அதே புதுச்சேரியில்.

புதுச்சேரி மேகம்

கோள்களின் தூர விகிதம் 17-ம் நூற்றாண்டிலேயே தெரியும். ‘பூமியின் தூரம் 1 என்றால் வெள்ளியின் தூரம் 0.72’ என்று கெப்ளரின் விதியிலிருந்து கணக்குப் போட்டுவிடலாம். ஆனால், அந்த ‘1’ எத்தனை கிலோமீட்டர்? தெரியாது. ஊர்களெல்லாம் சரியாகக் குறித்த மேப் கையில் இருக்கிறது, ஒரு அங்குலம் எத்தனை மைல் என்ற குறிப்பு மட்டும் கிழிந்துபோய்விட்டது. அந்த மாதிரி நிலைமை.

வழி சொன்னவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவரேதான். வெள்ளி சில சமயம் சூரியனுக்கு நேர் குறுக்கே ஒரு கறுப்புப் பொட்டாகக் கடந்து போகும். அதை உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து பார்த்தால், பொட்டு போகும் பாதை கொஞ்சம் கொஞ்சம் மாறித் தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம் என்று 1716-ல் எழுதினார்.

கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் துள்ளும். விரலைக் கிட்டே கொண்டுவந்தால் அதிகம் துள்ளும், தள்ளிப் பிடித்தால் குறைவாகத் துள்ளும். துள்ளலின் அளவு தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். வானத்தை அளந்த முதல் டேப் இந்தத் துள்ளல்தான். வித்தியாசம் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான். வெள்ளிக்கு, பூமியின் இரண்டு மூலைகள் இரண்டு கண்கள்.

சிக்கல் என்னவென்றால் இந்த வெள்ளி இடைநகர்வு மிக அரிது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு வரும். பிறகு நூறு ஆண்டுக்கு மேல் வராது. 1761, 1769-ல் ஒரு ஜோடி வந்தது. கியோம் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் அதைப் புதுச்சேரியில் பார்க்க 1760-ல் கப்பல் ஏறினார். வழியிலேயே தாமதம். மாஹே பக்கம் வந்து சேர்ந்தபோது ஒரு செய்தி காத்திருந்தது: புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பிவிட்டது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில். வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆடுகிற கப்பலில் நின்று அளந்து என்ன பயன்?

மனிதர் ஊர் திரும்பவில்லை. எட்டு ஆண்டு காத்திருப்பது என்று முடிவு செய்தார். இந்தியப் பெருங்கடல் தீவுகளை ஆராய்ந்தார், மணிலா வரை போனார், அங்கிருந்து 1768-ல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்த புதுச்சேரிக்கு வந்தார். இடிந்து கிடந்த கோட்டையில் ஒரு கூடம் கட்டிக்கொண்டார். நேற்றுவரை எதிரிகளாக இருந்த சென்னை ஆங்கிலேயர்கள் ஒரு தொலைநோக்கியைக் கடன் கொடுத்தார்கள். காத்திருந்த நாள்களில், உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரர்கள் சோழிகளை நகர்த்தியே கிரகணம் கணிப்பதைப் பார்த்து வியந்து, அந்த முறையையும் கற்றுக்கொண்டார்.

1769 ஜூன் 4, விடியற்காலை. அதற்கு முந்தைய வாரங்களில் காலை வானம் பளிச்சென்று இருந்தது. அன்று மட்டும் மேகம் திரண்டு வந்து மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு மேகம் விலகி, வெயில் அடித்தது. அவர் விட்டுவந்த மணிலாவிலோ அன்று காலை துல்லியமான வானம். 1771-ல் பிரான்ஸுக்குத் திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, உறவினர்கள் சொத்தைப் பங்கு போடும் வேலையில் இறங்கியிருந்தார்கள்.

அவர் தோற்றார், முயற்சி தோற்கவில்லை. தாஹிதி தீவில் கேப்டன் குக் குழு உட்படப் பலர் எடுத்த அளவுகளைச் சேர்த்து, தாமஸ் ஹார்ன்ஸ்பி 1771-ல் கணக்குப் போட்டார். சூரியனின் தூரம் சுமார் 15.1 கோடி கிலோமீட்டர் என்று வந்தது. இன்றைய அளவு 14.96 கோடி. நூற்றுக்கு ஒன்றுதான் பிசகு. இன்று வெள்ளிக்காக யாரும் காத்திருப்பதில்லை. 1961-ல் வெள்ளியின்மீது ரேடார் அலையை மோதவிட்டு, திரும்பிவரும் நேரத்தை அளந்துவிட்டார்கள்.

ஏணியின் முதல் படி இது. இதற்கு மேலே உள்ள ஒவ்வொரு படியும் இதன் தோளில்தான் நிற்கிறது.

நாணயத்தின் அகலம்

சூரியனின் தூரம் கிடைத்ததும் இரண்டு கண்களை இன்னும் தள்ளி வைக்க முடிந்தது. பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடும். இடைவெளி 30 கோடி கிலோமீட்டர். ஜனவரியில் ஒரு கண், ஜூலையில் ஒரு கண். அருகிலுள்ள நட்சத்திரம் துள்ளித்தானே ஆக வேண்டும்?

துள்ளியது. 1838-ல் ஜெர்மானிய வானியலாளர் பெசல் அதை அளந்து வெளியிட்டார். அந்த நட்சத்திரத்தின் பெயர் 61 சிக்னி, தூரம் 11.4 ஒளியாண்டு. துள்ளல் எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய் நாணயத்தை 7 கிலோமீட்டர் தள்ளி வைத்து, அதன் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதுபோல. 2013-ல் அனுப்பப்பட்ட கையா விண்கலம் இதே துள்ளல் வேலையைச் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்குச் செய்து, 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றது. தள்ளிப் போகப் போகத் துள்ளல் சிறுத்துக்கொண்டே வரும். பக்கத்து வீட்டு ஆப்பத்துக்கு இந்த டேப் எட்டாது.

அங்கே விளக்கைத்தான் நம்ப வேண்டும். இரவில் நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தை வைத்தே, அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ஓட்டுநர்கள் சொல்லிவிடுவார்கள். இரண்டு மடங்கு தூரம் போனால் விளக்கு நான்கில் ஒரு பங்காக மங்கும். மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் ஒரு நிபந்தனை. அது சைக்கிள் விளக்கா, லாரி விளக்கா என்று முதலில் தெரிய வேண்டும்.

விளக்கை அளக்க ஒரு கோலும் வேண்டும். அந்தக் கோலைச் செய்தவர் நார்மன் போக்சன். ஐந்து படி மங்கினால் நூறில் ஒரு பங்கு வெளிச்சம் என்ற கணக்கை இங்கிலாந்தில் இருந்தபோது 1856-ல் வகுத்தார். உலகமே இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறது. 1861-ல் சென்னை வானாய்வகத்துக்கு வந்தவர், 1891-ல் சென்னையிலேயே காலமானார். நுங்கம்பாக்கத்தில் இப்போது வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் அந்த வானாய்வகம் இருந்தது. அதன் கருங்கல் தூண் ஒன்று இன்னும் நிற்கிறது. அதிலுள்ள கல்வெட்டில் தமிழும் உண்டு. புயல் செய்தி சொல்லும் இடம் என்று மட்டுமே தெரிந்த வளாகம்! அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வெளிச்சம் கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தை 1867-ல் கண்டறிந்தார்.

கூடிக் குறையும் நட்சத்திரங்கள் எதற்குப் பயன்படும் என்பதைச் சொன்னவர் ஓர் அமெரிக்கப் பெண்.

மணிக்கு முப்பது சென்ட்

ஹார்வர்டு வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளில் எடுத்த வானப் படங்கள் மலைபோலக் குவிந்திருந்தன. அவற்றில் புள்ளி புள்ளியாக வெளிச்சத்தை அளந்து எழுதப் பெண்களை வைத்திருந்தார்கள். ஹென்றியெட்டா லீவிட் அவர்களில் ஒருவர். காது சரியாகக் கேட்காது. கூலி, மணிக்கு 30 சென்ட். தொலைநோக்கியை இயக்குவது அப்போது ஆண்களின் வேலை; பெண்களுக்குத் தகடும் பூதக்கண்ணாடியும்.

சிறிய மகல்லன் மேகம் என்ற கூட்டத்தில் ‘செஃபீட்’ வகை நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்கு ஒரு ஒழுங்கு பிடிபட்டது. மூச்சு விடுவதுபோல இவை பிரகாசித்து, மங்கி, மறுபடி பிரகாசிக்கும். பிரகாசமான நட்சத்திரம் நிதானமாக மூச்சு விட்டது. மங்கலானது வேகமாக விட்டது. எல்லாம் ஒரே கூட்டத்தில், ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பவை. ஆகவே, தெரிகிற வெளிச்ச வித்தியாசம் தூரத்தால் வந்ததல்ல, நிஜமான வித்தியாசம். 1912-ல் 25 நட்சத்திரங்களை வைத்து அவர் வரைந்த கோடு, சைக்கிள் விளக்கா லாரி விளக்கா என்ற கேள்விக்குப் பதில். மூச்சின் நேரத்தை எண்ணினால் போதும், நிஜ வெளிச்சம் தெரிந்துவிடும். நிஜ வெளிச்சமும் தெரிகிற வெளிச்சமும் கையில் இருந்தால் தூரம் கிடைத்துவிடும்.

1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமெடாவில் அப்படியொரு நட்சத்திரத்தைப் பிடித்தார். அதன் மூச்சு 31 நாள். கணக்கைப் போட்டால், அது பால்வெளிக்கு வெளியே, வெகுதூரத்தில்! அதுவரை பால்வெளிதான் மொத்தப் பிரபஞ்சமும் என்று பெரிய பெரிய அறிஞர்கள் வாதிட்டு வந்தார்கள். ஒரே நட்சத்திரம் அந்த வாதத்தை முடித்துவைத்தது. லீவிட் அதைப் பார்க்கவில்லை. 1921 டிசம்பரில் புற்றுநோயால் இறந்துபோனார். அது தெரியாமல், அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க விரும்பி ஸ்வீடனிலிருந்து ஒரு கணித அறிஞர் அவர் பெயருக்குக் கடிதம் எழுதினார்.

செஃபீட் விளக்கும் எட்டாத தூரத்துக்கு வெடிக்கும் நட்சத்திரங்கள் இருக்கின்றன. அதில் நம் ஊர்ப் பெயர் ஒன்று பதிந்திருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகருக்கு அப்போது வயது 19. எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குள்ளன் நட்சத்திரம் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு, அது சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு என்பது அந்தப் பயணத்தில் தொடங்கிய கணக்கு. 1935-ல் எடிங்டன் என்ற பெரிய அறிஞர் சபையில் வைத்தே அதைக் கேலி செய்தார். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் கிடைத்தது. அந்த எல்லையை நெருங்கும் வெண்குள்ளன்களில் ஒரு வகை வெடிக்கும்போது கிட்டத்தட்ட ஒரே மாதிரி வெளிச்சம் தருகிறது. பல நூறு கோடி ஒளியாண்டு தள்ளி வெடித்தாலும் பார்க்கலாம். 1998-ல் இந்த வெடிப்புகளை அளந்தவர்கள்தான், பிரபஞ்சம் விரிவது மட்டுமல்ல, விரியும் வேகமும் கூடிக்கொண்டிருக்கிறது என்று கண்டார்கள்.

பேத்தியைவிட இளைய பாட்டி

ஏணி என்றால் ஒரு ஆபத்தும் உண்டு. கீழே ஒரு படி ஆடினால் மேலே இருப்பவர் விழுவார்.

ஹப்பிளே விழுந்தார். மண்டலங்கள் விலகிப் போகும் வேகத்தையும் தூரத்தையும் வைத்து 1929-ல் அவர் தந்த அளவிலிருந்து கணக்கிட்டால், பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று வந்தது. பூமியின் பாறைகளோ அதைவிட வயதானவை என்று நிலவியலாளர்கள் சொன்னார்கள். பாட்டியைவிடப் பேத்திக்கு வயது அதிகம்! யார் கணக்கு தப்பு? வால்டர் பாடே 1952-ல் அறிவித்தார்: செஃபீட்களில் இரண்டு ரகம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டோம். லாரி விளக்கை வேன் விளக்கு என்று நினைத்துவிட்டார்கள். ஒரே நாளில் மண்டலங்களின் தூரம் இரண்டு மடங்கானது. ஹப்பிள் 9 லட்சம் ஒளியாண்டு என்று சொன்ன ஆண்ட்ரோமெடா, இன்று 25 லட்சத்தில் இருக்கிறது. அது நகர்ந்து போகவில்லை, கணக்குதான் திருந்தியது.

இப்போதும் ஏணி லேசாக ஆடுகிறது. செஃபீட், வெடிக்கும் நட்சத்திரம் என்று படிப்படியாக ஏறி அளப்பவர்களுக்கு, ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும் பிரபஞ்சம் விநாடிக்கு சுமார் 73 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது கிளம்பிய பழைய ஒளியிலிருந்து கணக்கிடுபவர்களுக்கு 67-தான் வருகிறது. இரண்டு பேரும் கவனமாகத்தான் அளந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் செஃபீட்களை மறுபடி சரிபார்த்தார்கள். அந்தப் படியில் பெரிய தப்பு தெரியவில்லை. வேறு ஏதாவது படி ஆடுகிறதா, அல்லது பிரபஞ்சத்தில் நமக்குத் தெரியாத சமாச்சாரம் ஏதேனும் இருக்கிறதா என்று இன்னும் சண்டை நடக்கிறது. பாடப் புத்தகத்தில் 1,380 கோடி என்று ஒரே வரியில் அச்சாகியிருக்கும் வயதின் பின்னால் இந்தச் சண்டையும் இருக்கிறது.

பிள்ளைக்கு இதில் ஏதாவது ஒன்றைக் கண்ணால் காட்ட வேண்டும் என்றால், ஆண்ட்ரோமெடாவைக் காட்டலாம். வெறும் கண்ணுக்குச் சுலபமாகத் தெரியக்கூடிய மிகத் தொலைவான பொருள் அதுதான். நகர வெளிச்சத்தில் தெரியாது. ஊருக்குப் போகும்போது, நிலா இல்லாத இரவாகப் பார்க்க வேண்டும். கார்த்திகை மாதம் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் வடக்குப் பார்த்து நின்று, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், உச்சியை ஒட்டிய பக்கமாகத் தேட வேண்டும். விரலால் தேய்த்துவிட்ட விபூதிபோல ஒரு மங்கல் தெரியும். பைனாகுலர் இருந்தால் நல்லது. அந்த ஒளி 25 லட்சம் ஆண்டுக்கு முன்னால் கிளம்பியது. அப்போது நம்மைப் போன்ற மனிதர்களே பூமியில் இல்லை.

கார்த்திகையில் மழை மேகம் மறைக்கத்தான் செய்யும். பரவாயில்லை. தை மாதம் பொழுது சாய்ந்து இருட்டியதும் வடமேற்கில் அது மறுபடி கிடைக்கும். லெ ஜென்டில்போல எட்டு ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை.